ஐயா நம்மோடுதான் இருக்கிறார்

சிங்காரவேலு ஐயா இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் பால்காரர். அந்த நேரத்தில் ஐயா எங்கள் கொல்லையில் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்.

பால்காரர் கேனை இறக்கிவைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கமான மனுசன், எப்போது ஆயிற்று என்று கேட்டார். யாருக்கு என்றேன். ஐயாவுக்கு என்றார். சரியாக அப்போது பார்த்து, "குமாரி, டெஸ்டர் இருந்தா குடும்மா" என்று கேட்டபடி ஐயா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பால்காரர் கேன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

உறுவையாறு கூட்டுரோட்டில் பேனர் கட்டியிருக்கிறதாம். அதைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறார். அந்தப் பேனரைக் கட்டச் சொன்னவளே நான்தான். அழுகிற மாதிரி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

என் கணவர் ராமு பைக்கை எடுத்தார். ஐயா தன் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். கூட்டுரோட்டில் பேனர் ஜம்மென்று நின்றது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. நடுவில் ஐயாவின் முகம், அதைச் சுற்றி மஞ்சள் ஒளி. மேலே தடித்த எழுத்தில் ‘தவத்திரு சிங்காரவேலு ஐயா அவர்களின் குருபூஜை விழா’. கீழே ‘இவண்: செல்வகுமாரி ராமு’.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். சித்தர் சமாதிக்குக் குறைவில்லாத மண் இது. குருபூஜை என்றால் அந்தச் சித்தர் உடலை விட்ட நாளில் வருஷா வருஷம் செய்வது. உயிரோடிருக்கும் மனிதருக்கு யாரும் குருபூஜை செய்யமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் கருமாதி என்று அச்சடித்த கதையாகத்தான் அது ஆகும்.

நான் சொன்னது குரு பௌர்ணமி. வடக்கே ஆடிப் பௌர்ணமியன்று அவரவர் குருவுக்கு மரியாதை செய்வார்களாம். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மகள் பிரியதர்ஷினி, அங்கே வேலை செய்பவர்கள் கொண்டாடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஐயாவுக்கு நாமும் செய்யலாமே என்று நான்தான் பரபரத்தேன். வில்லியனூர் தேரடிப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் நவாஸுக்குப் போன் போட்டேன். அவன் பிரியாவோடு படித்த பையன். ஆடி மாசம், ஊர் ஊருக்கு அம்மன் கோயில் செடல் உற்சவம், கூழ் ஊற்றல் என்று கடையில் நெரிசல். அந்த இரைச்சலில் நான் ‘குரு பௌர்ணமி பூஜை’ என்று கத்தினேன். அவன் காதில் பௌர்ணமியன்று குருபூஜை என்று விழுந்திருக்கிறது. ஐயோ, ரொம்ப நல்ல மனிதர் அம்மா என்றான். ஆமாம்பா, அவரை மாதிரி இனி யார் வரப்போகிறார்கள் என்றேன் நான். இதற்குமேல் அவனுக்கு என்ன சந்தேகம் வரும்? அச்சடிக்கும்முன் வாட்ஸப்பில் படம் அனுப்பித்தான் கேட்டான். நான் என் பெயரில் எழுத்துப்பிழை இல்லையே என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஐயா பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவத்திரு என்று வேறு போட்டிருக்கிறாயே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"வில்லியனூர்லயும் கட்டியிருக்கியாம்மா?"

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், இதைவிடப் பெரிதாக, என்றேன்.

"எங்க வூட்ல காலைல அங்கதான் மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க" என்றார்.

அவர் ‘எங்க வூட்ல’ என்று சொல்வது மனைவி ஆதிலட்சுமி அக்காவை. ராமுவை உடனே பைக்கைத் திருப்பச் சொன்னேன்.

ஐயா யார் என்று சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது, ஆசிரமம் கிடையாது. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமி தவறாமல் சாயங்காலம் குளக்கரைப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வந்து உட்காருவார். நாங்களும் உட்காருவோம். பாகூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். "இந்த மாசம் இன்னா வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார். அந்த மாதத்தில் யார்மேல் என்ன கோபமோ அதை ஒவ்வொருவராகச் சொல்வோம். சொல்லும்போதே பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு நிலா பனைமரத்துக்குமேல் ஏறும்வரை கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவ்வளவுதான். இதிலென்ன ஆன்மிகம் என்று கேட்பவர்கள் முன்பு என்னோடு ஒரு மாதம் குடித்தனம் செய்திருக்க வேண்டும். ராமுவைக் கேட்டால் சொல்வார்.

என் கதை இதுதான். பிரியா எங்களிடம் சொல்லாமல் பாகூர் அரிகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி தெரிந்த அன்று தலைக்குக் குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பாகூர் பஸ்ஸுக்கு நின்றேன். அவள் மாமியார் வீட்டு வாசலில் ஊர் கேட்க நின்று, எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டு வருவது என் திட்டம். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். அப்போது இன்னும் வேலையில் இருந்த ஐயா, பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்து, எங்கே இவ்வளவு கோபமாக என்று விசாரித்தார். அவரிடமும் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னிக்கு அமாவாசையாச்சே, சண்டைக்கு ஆவாது. பௌர்ணமிக்குப் போ" என்றார்.

அது ஏதோ பஞ்சாங்க விதி என்று நான் நம்பிவிட்டேன். நல்ல நாள் பார்க்காமல் ஒரு விறகுகூட வாங்காதவள் நான். மகளைத் தலைமுழுகவும் நாள் பார்த்துத்தானே ஆகவேண்டும்? வீட்டுக்குத் திரும்பி வந்து காத்திருந்தேன். மனப்பாடம் செய்த வார்த்தைகள் தினமும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பௌர்ணமியன்று பாகூருக்குப் போனேன். பிரியா கதவைத் திறந்தாள், இளைத்திருந்தாள். "சாப்டியாடி" என்று கேட்டேன். வேறொன்றும் என் வாயில் வரவில்லை.

பிற்பாடு ஐயாவைப் பிடித்து, அது எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். எதிலும் இல்லை என்றார். புத்தர்கூட வைகாசிப் பௌர்ணமியில் ஞானம் கிடைத்தும் உடனே யாருக்கும் சொல்லவில்லையாம், ஆடிப் பௌர்ணமியில்தான் முதன்முதலாக வாய் திறந்தாராம். நல்லதைச் சொல்லவே அவ்வளவு நாள் பொறுத்தார், கெட்டதைச் சொல்ல நீ கொஞ்சம் பொறுக்கமாட்டாயா என்றார். அன்றிலிருந்து அவர்தான் எனக்குக் குரு. ஆனால் அதை அவரிடம் சொல்லி முடித்ததே இல்லை. நன்றி என்று ஆரம்பித்தால் போதும், மோட்டார் சரியாக ஓடுகிறதா, மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுந்து போய்விடுவார். இந்த ஆடிப் பௌர்ணமியில் நாற்காலி போட்டு, மாலை போட்டு, நகரவிடாமல் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

நாங்கள் ஐயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏற்கெனவே கூட்டம். பாகூர்க்காரர் ஒருவர் கையில் ஆளுயர ரோஜா மாலையுடன் ஐயாவைப் பார்த்து வாய் திறந்தபடி நின்றார். ஆதிலட்சுமி அக்கா மார்க்கெட் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தார். வந்தவுடன் வைத்துக்கொண்டது, மூக்கிலெல்லாம் சிந்தியிருந்தது.

"கத்திரிக்கா பொறுக்கிக்கினு இருக்கேன் குமாரி. எவளோ ஒருத்தி வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுவுறா. நிமிந்து பாத்தா எம் புருசன் வெளக்குக்கு நடுவுல நிக்கிறாரு" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் காலில் விழப்போனேன். விலகிக்கொண்டார்.

"இப்ப ஒண்ணும் பேசாத. நானும் பேசல. உங்க வழக்கப்படி பௌர்ணமிக்குப் பேசிக்கலாம். அதுவரைக்கும் இந்த வூட்டுப் பக்கம் வராத."

மண்டபத்துக்கு ஐயா வருவாரா என்று கேட்டேன். அதையும் அன்றைக்குத்தான் சொல்வேன் என்றார். நான் ஐயாவைப் பார்த்தேன். வீட்டு விஷயத்தில் அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்கே தெரியும். அவர் உள்ளங்கையைக் காட்டிப் பொறு என்பதுபோல் அமர்த்திவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் பேனர்களை அவிழ்த்துவிட்டோம். நவாஸ் தானே வந்து ஏணி பிடித்தான். பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை. கடைவாசலில் வைத்து அவனைத் திட்டியிருப்பேன், பௌர்ணமி வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பேனரை அவிழ்த்து என்ன பயன்? படம் போனில் கிளம்பி ஊர் ஊராகப் போய்விட்டது. தெரிந்த குழுக்களுக்கெல்லாம், "ஐயா எங்கியும் போவல, நம்மகூடத்தான் இருக்காரு" என்று என் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினேன். ஆமாம் அம்மா, என்றென்றும் நம்மோடுதான் இருப்பார் என்று கைகூப்பிய படங்களாக வந்து குவிந்தன. போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஐயா வீட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று ராமு தினமும் வந்து சொல்வார். பைக்கில், ஷேர் ஆட்டோவில், மாலையும் கையுமாக. ஒவ்வொரு மாலையும் அக்காவின் நெற்றிக் குங்குமத்தை ஒருமுறை அழிப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடிவிட்டால் ஐயாவும் இல்லை, உட்காருவதும் இல்லை. பழைய செல்வகுமாரியாக நான் திரும்பிவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிடக் கால் துடித்தது. கோபத்தைத் தள்ளிப்போட ஐயா பழக்கியிருந்தார். மன்னிப்பைத் தள்ளிப்போடுவது அதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பௌர்ணமி வந்தது. ஏற்பாடு செய்ததை நிறுத்தவும் முடியவில்லை. சாயங்காலம் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தோம். நாற்காலியை நடுவில் போட்டு, சாமந்தி மாலையைத் தட்டில் வைத்தோம். பொங்கலும் சுண்டலும் தயார். எப்போதும் வருகிறவர்களைப் போலப் பல மடங்குக் கூட்டம். நவாஸும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். பிரியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நிலா குளத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பாகக் கிளம்பியது. ஐயா வரவில்லை. பிரியா என் முழங்கையைப் பிடித்து, கொஞ்சம் பொறு என்றாள். எனக்கே பாடம்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பின்னால் சலசலப்பு. ஆதிலட்சுமி அக்கா வந்தார். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கண்ணாடி வளையல். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அவருக்குப் பின்னால் ஐயா, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்ட பிள்ளை மாதிரி.

அக்கா ஐயாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மைக்கைத் தள்ளிவைத்தார். அவருக்கு மைக் தேவையில்லை.

"நான் சண்டை போடணும்னுதான் இத்தினி நாள் வெச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார்.

"கட்டிக்கினு வந்ததுலேருந்து இந்த மனுசன ஒரே கேள்விதான் கேட்டுக்கினு இருக்கேன். ஊருக்கெல்லாம் ஓடுறியே, அப்பிடி இன்னாத்தக் கிழிச்சேன்னு. எங்க வூட்டு ஃபேனு ஓடாது, ஊரு வூட்டு மோட்டாருக்கு ஓடுவாரு. ஒரு நாளும் இவரு வாய்ல பதில் வந்ததில்ல. இந்த வாரம் பூரா எங்க வாசல்ல வந்து ஊரு பதில் சொல்லுச்சு."

முதல் நாள் வந்தவர்களைத் திட்டி அனுப்பிவிட்டாராம். மறுநாள் ஒரு பெண் ஸ்கூட்டியில் அழுதுகொண்டே வந்ததாம். அதைச் சொல்லும்போது அக்கா என் பக்கம் பார்த்தார். பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உம் பொண்ணுதான். படத்தப் பாத்துட்டு உனக்குப் போன் போட்டுச்சாம், நீ எடுக்கலியாம். இன்னாடி பண்ணாரு உனக்குன்னு கேட்டேன். எங்கம்மா அன்னிக்கு என்னத் தலைமுழுவத்தான் கெளம்புச்சு, எனக்குத் தெரியும், எனக்குப் பொறந்த வூடு இருக்குதுன்னா ஐயாவாலதான்னு சொல்லுச்சு. மூஞ்சிய மூடிக்கினு அழுதுச்சு."

அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நான் ‘சாப்டியாடி’ என்று கேட்டபோது, சொல்லாமல் விட்டது என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அவளும் அழுத்திப் பிடித்தாள்.

"அன்னிலேருந்து இவர மாட்டுக் கொட்டாய்லயே இருங்கன்னு சொல்லிட்டேன்" என்று அக்கா தொடர்ந்தார். "வந்தவங்கள உக்காரவெச்சி, காபி குடுத்து, முழுசா சொல்ல வெச்சி, அப்பறந்தான் இவர வெளிய கூப்ட்டேன். மயக்கம் போட்டவங்களும் உண்டு. மாலைய எல்லாம் மாடு தின்னுச்சு."

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல எத்தினியோ பேரு புருசனக் குடுத்துட்டு நிக்கிறாங்க. உம் புருசன் இப்பேர்ப்பட்ட மனுசன்னு ஊரு வந்து சொல்றது அவன் போன அன்னிக்குத்தான். அழுவுறவ காதுல அது ஏறுமா? நான் பொட்டு வெச்சிக்கினு, பூ வெச்சிக்கினு, ஒண்ணு வுடாம காதுல ஏத்திக்கினேன். அவரும் கொட்டாயிலேருந்து கேட்டாரு. எந்தப் பொம்பளைக்கு இது கெடைக்கும்?"

என் முன்னால் வந்து நின்றார்.

"நீ தெரிஞ்சு பண்ணியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன் குமாரி. தெரியாமப் பண்ணிட்ட. அதனால உனக்கு ஒரு கும்பிடு." நிஜமாகவே கைகூப்பினார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பு முழுவதும் மறந்துபோய், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

ஐயா மெல்ல எழுந்து, மண்டபத்து டியூப்லைட் விட்டு விட்டு எரிகிறது, சோக் போயிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"உக்காருங்க. லைட்டு எங்கியும் போவாது" என்றார் அக்கா.

உட்கார்ந்தார். முதல்முறையாக ஓடமுடியாமல் உட்கார்ந்தார். நான் சாமந்தி மாலையை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் போட்டார். நான் ஐயாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன்.

"எம் பொண்ணு எங்கூடப் பேசுறா ஐயா. உங்களுக்கு ரொம்ப நன்றி" என்றேன்.

அவர் மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. மீட்டரைப் பற்றியும் கேட்கவில்லை. சரிம்மா என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், அது நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பின்னால் பாகூர்க்காரர், பால்காரர், நவாஸ் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து அவரவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஐயா எல்லாருக்கும் சரிப்பா, சரிம்மா என்றார். நிலா பனைமரத்துக்குமேல் ஏறியதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

பொங்கல் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்தப் பேனர்களை என்ன செய்தாய் என்று கேட்டார். கிழித்துப் போட மனசு வரவில்லை, சுருட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"அந்தப் பெரிசக் குடு. எங்க மாட்டுக் கொட்டாய் ஒழுவுது" என்றார்.

மறுநாள் ராமுவும் நவாஸும் போய்க் கூரைமேல் கட்டினார்கள். படம் வெளியே தெரிகிற மாதிரிதான் முதலில் விரித்தார்களாம். அக்கா கீழே நின்றுகொண்டு திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார்.

"மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும்பா. மழை பட்டா சளி புடிச்சுக்கும் அவருக்கு."